தானியேலின் பதினோராவது விரல்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்புக் கம்பெனி. அங்கே ஒன்பது வருடமாகக் கம்பிக் கட்டு கட்டும் தானியேலுக்கு மொத்தம் பதினோரு விரல். உபரி விரல், அம்மா இடுப்பை விட்டு இறங்காத பிள்ளை மாதிரி இடது கட்டைவிரலின் மேல் உட்கார்ந்திருக்கும். ஒரு வேலையும் செய்யாது.

புதிதாக வந்த சேப்டி ஆபீசர் பூவராகவன் கண்ணில் அது பட்டுவிட்டது.

"என்னய்யா இது, கிளவுஸுக்கு வெளிய தொங்குது?"

"அஞ்சு வெரலுக்குத்தான் சார் தராங்கோ. பொத்தல் போட்டு வெளிய உட்டுக்கினேன்."

"முழுக் கையும் உள்ள இருக்கணும். ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டு வா. இல்லேன்னா திங்கக்கிழமையிலருந்து கேட்டுக்குள்ள வராத."

தானியேலின் ஆறு மாத மகள் ஜெபா அந்த விரலைப் பிடித்தால்தான் தூங்குவாள். வேறு விரலைக் கொடுத்தால் ஏமாற மாட்டாள்; தெருவையே கூட்டிவிடுவாள். அவளுக்கும் அதே இடத்தில் அதே மாதிரி ஒன்று, பட்டாணி அளவில்.

ஜெபாவையும் தூக்கிக்கொண்டு டாக்டரம்மா உமைராவிடம் போனான். துணைக்கு மோசஸ். அதே கம்பெனியில் இடது சுண்டுவிரலை மிஷினுக்குக் கொடுத்தவன்.

"எடுத்துடலாம்," என்றார் டாக்டர். "ஆனா ஒண்ணு. உடம்பை எப்படிக் கட்டணும்னு ஒவ்வொரு செல்லுலயும் எழுதியிருக்கு. அதான் டிஎன்ஏ. அதுல ஒரு எழுத்து மாறினாக்கூட ஒரு விரல் கூடிப்போகலாம். அந்த மாத்தம்தான் பாப்பாவுக்கும் வந்திருக்கு. வெளிய விரலை வெட்டலாம், உள்ள எழுதினது அப்படியேதான் இருக்கும்."

மோசஸ் நாற்காலியை முன்னால் இழுத்தான். "அப்போ எனக்கு இந்தக் கையில நாலுதான கீது? என் புள்ளைங்க மூணுக்கும் அஞ்சஞ்சு கீதே, அது இன்னா கணக்கு?"

"உங்களுக்கு விரல்தான் போச்சு. எழுத்து மாறல. அதனால பிள்ளைங்களுக்கு முழுசா வந்திருக்கு."

பல வருடச் சந்தேகம் தீர்ந்தவன் போல மோசஸ் பெருமூச்சு விட்டான். "டேய், ஊட்டாண்ட போனதும் எம் பொண்டாட்டி கால்ல உழணும்டா."

சனிக்கிழமை காலை தானியேல் ஆபரேஷனுக்கு லீவு கேட்டு கேட்டில் பூவராகவன் முன்னால் நின்றான். லீவுக்கும் வருகைப்பதிவு மிஷினில் விரல் வைக்க வேண்டும். வாட்ச்மேன் பென்னிக்குப் பொறுக்கவில்லை.

"சார், அந்த வெரல வெட்டிட்டா இவன் அப்பால எத்த வெப்பான்?"

"மத்த பத்து எதுக்கு இருக்கு?" என்றார் பூவராகவன்.

தானியேல் பத்தையும் வரிசையாக வைத்தான். கம்பி உரசி உரசி ரேகை தேய்ந்து கண்ணாடியாகிப்போன விரல்கள். மிஷினில் இருந்த பெண் பத்து தடவையும் 'மறுபடி முயலவும்' என்றாள். பிறகு சோம்பேறி விரலை வைத்தான். உடனே 'நன்றி' என்றாள்.

"ஒம்போது வருசமா இதுதான் சார் டூட்டிக்கு வருது," என்றான் பென்னி. "இவன் சும்மா இது கூட வர்றவன்."

பூவராகவன் ஹெட் ஆபீசுக்குப் போன் போட்டார். பதிந்த விரல் இல்லையென்றால் ஆளே இல்லையாம். புது ஆளாகச் சேர்க்க வேண்டும், பதினேழு படிவம், எல்லாம் அவரே நிரப்ப வேண்டும். போனை வைத்துவிட்டு அந்த விரலை மரியாதையோடு பார்த்தார்.

"ஆபரேஷன் வேணாம். கிளவுஸ தச்சுக்க."

அன்று சாயந்திரம் தானியேலின் மனைவி சின்னப்பொண்ணு இன்னொரு இடது கை கிளவுஸில் சுண்டுவிரலை வெட்டி, அவன் கிளவுஸில் ஒட்டுப்போட்டாள். மிஞ்சிய கிளவுஸுக்கு நாலு விரல்தான். ஓட்டையைத் தைத்து மோசஸிடம் கொடுத்தாள். மாட்டிப் பார்த்தான், அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

"எத்தினி வருசமா அந்தக் காலி வெரல் காத்துல ஆடிக்கினு இருந்துச்சு, அண்ணி!"

திங்கட்கிழமை பூவராகவன் இருவர் இடது கையையும் சேர்த்து வைத்து எண்ணினார். ஆறும் நாலும் பத்து. நோட்டில் 'சரி' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.