ஈசானி மூலைத் தொட்டி

கட்டடம் எழும்பும் முன்பே, அதைக் கட்டுகிறவர்களுக்கு எங்கே ஆபத்து வரும் என்று வரைபடத்திலேயே பார்த்து விலக்குவதுதான் ஜெஸியின் வேலை. கள்ளக்குறிச்சியில் ஒரு பொறியாளர் அலுவலகத்தில் அவளை இதற்கென்றே வைத்திருந்தார்கள். வைத்திருந்தார்களே தவிர, அவள் பேச்சைக் கேட்பதாக யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

கல்வராயன் மலையில் தனசேகரன் கட்டும் தங்கும் விடுதிக்கு, நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியை அவள் மேற்கே சமதரையில் வரைந்திருந்தாள். சங்கராபுரத்து நிலக்காரர் தனசேகரனுக்கு அது பொறுக்கவில்லை.

"தண்ணி ஈசானி மூலையிலதாம்மா இருக்கணும். ஆடி பொறக்கறதுக்குள்ள தோண்டியாவணும், மாத்திக் குடுங்க."

ஈசானி மூலை அவருடைய வயற்காட்டு வீட்டுக்குச் சரி. இங்கே வடகிழக்கில் நின்றதோ செங்குத்தாக வெட்டிவிட்ட மலைச்சரிவு. அதன் காலடியில் ஆளுயரத்துக்கு மேல் தோண்டினால் மண் சும்மா இருக்குமா?

ஜெஸி சொல்லிப் பார்த்தாள். அவளுடைய முதலாளி அறிவுச்செல்வன் சிரித்தார்.

"ஏம்மா பார்ட்டிய வெறுப்பேத்திக்கினு இருக்க? கேட்ட எடத்துல போடு. தேவப்பட்டா சைட்ல முட்டுக் குடுத்துக்கட்டும்னு ஓரத்துல எழுதிடு. அங்க உன் வூட்டுக்காரர்தான இருக்காரு?"

அந்த வேலைக்கு மேற்பார்வையாளன் அவள் கணவன் மார்ட்டின். கவனமானவன், பார்த்துக்கொள்வான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். வீட்டில் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. தோற்றுப்போனதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

ஆனிக் கடைசியில் மலையில் நல்ல மழை. அலுவலகத்தில் இருந்தவளுக்கு அந்தச் சரிவுதான் நினைவுக்கு வந்தது. மார்ட்டினுக்குப் போன் போட்டாள். மலையில் டவர் இல்லை. குழியில் யாரையும் இறக்காதே என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மலையேறினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது சரிவு மொத்தமும் குழிக்குள் கிடந்தது. ஆட்கள் வெறுங்கையால் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தார்கள். மார்ட்டினைக் காணோம். மேஸ்திரி முனியன் அவளைப் பார்த்ததும் அழுதுகொண்டே ஓடிவந்தார்.

"முட்டுக் குடுக்காம எறங்க மாட்டம்னோங்க. சாரு கேக்கல. 'எங்க வூட்ல போட்ட பிளானுய்யா. ஆபத்துன்னா அந்த எடத்துல போட்டே இருக்க மாட்டா'ன்னு சொல்லிக்கினே அவருதாங்க மொதல்ல எறங்கினாரு."