முன்பக்கம் மட்டும்

ஜிப் பாதி முதுகுக்கு மேல் ஏற மாட்டேன் என்றது. அவன் மகளுக்குப் பின்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, கவுனின் இரண்டு ஓரங்களையும் ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மறுகையால் இழுத்துப் பார்த்தான். விடிவதற்கு முன்பே எழுந்து எட்டு மணி நேரம் பேருந்து ஓட்டிவிட்டு வந்த தோள்கள். சீருடையைக்கூட இன்னும் கழற்றவில்லை. இன்னும் பத்து நிமிடத்தில் அவள் அம்மா வீடியோவில் வந்துவிடுவாள்.

"மூச்சை இழு, வாண்டு."

"இழுத்துட்டேன்ப்பா. இதுக்கு மேல இழுத்தா நான் இருக்க மாட்டேன்."

அவன் எழுந்துபோய்க் கொடியிலிருந்து நான்கு துணிக் கிளிப்புகளை எடுத்து வந்தான். திறந்து கிடந்த முதுகின் குறுக்கே ஒரு நாடாவைக் கட்டி, துணியின் ஓரங்களை அதில் கவ்வ விட்டான். அவள் அம்மா அனுப்பிய போன பார்சலுக்கும் இதே வைத்தியம்தான். முன்பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. இளஞ்சிவப்பு, கழுத்தைச் சுற்றிப் பூவேலை, இடுப்பில் பெரிய முடிச்சு. மகள் கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, கடை வாசல் பொம்மைபோல நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

மனைவி வேறு நாட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலையில் இருந்தாள். போய் மூன்று வருடம் முடிந்துவிட்டது. போகும்போது வாண்டுக்கு ஏழு வயது. இப்போது பதினொன்றை நெருங்குகிறாள். மூன்று மாதத்துக்கு ஒரு பார்சல் வரும். முதல் வருடம் அளவு கேட்டாள், சொன்னான். இரண்டாம் வருடம் "எல்லாம் சரியா இருந்துச்சா?" என்று கேட்டபோது, அன்றைக்கு இரட்டை ஷிப்ட் முடிந்து வந்த களைப்பில், "கச்சிதமா இருக்கு, இதே அளவுல அனுப்பு" என்று சொல்லிவிட்டான். சொன்னதைத் திருத்தச் சோம்பல். பிறகு திருத்தப் பயம். அங்கே யார் யாருக்கோ சோறூட்டி, குளிப்பாட்டி, படுக்கை மாற்றிவிட்டு, ஓய்வு நாளில் கடை கடையாக ஏறி மகளுக்கென்று அவள் செய்ய முடிந்த ஒரே காரியம் அது. அதையும் சரியில்லை என்று எந்த வாயால் சொல்வது?

அழைப்பு வந்தது. "ஐயோ, என் கண்ணே பட்டுடும்போல இருக்குடி," என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாண்டு சிரித்தாள், மூச்சு விடாமல்.

பேசி முடித்ததும் கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்தான். நாடா அழுந்திய இடத்தில் சிவப்பாக ஒரு கோடு. அவள் அழவில்லை.

"இன்னும் எவ்வளவு நாளைக்குப்பா கிளிப்பு?"

அவன் நாடாவைச் சுருட்டினான். "சரி, இது வேணாம். உனக்கு எது வேணும்? சொல்லு, வாங்கலாம்."

"தெரியலப்பா."

"கலராவது சொல்லு."

"எனக்கு என்ன புடிக்கும்னே எனக்குத் தெரியல. உனக்கு என்ன புடிக்கும்?"

அவன் யோசித்தான். பள்ளிக்கூடத்தில் சீருடை. அப்புறம் பணிமனையில் நீலச் சட்டை. இப்போது பதினான்கு வருடமாக இந்தப் பழுப்பு. கல்யாணத்துக்கு அண்ணன் எடுத்துக் கொடுத்ததைப் போட்டுக்கொண்டான். ஓய்வு நாளில் அலமாரியில் மேலாக எது இருக்கிறதோ அது. யாரும் அவனை இப்படிக் கேட்டதில்லை. நீச்சல் தெரியாதவனைப் பிடித்து ஆற்றில் இறங்கிச் சொல்லிக்கொடு என்ற கதைதான்.

மறுநாள் சாயங்காலம் அவளுடைய துணிகள் மொத்தத்தையும் கட்டிலில் கொட்டினான். "யாரும் சொல்லாம நீயா எடுத்துப் போடுறதெல்லாம் இந்தப் பக்கம். நான் கத்தினாத்தான் போடுறதெல்லாம் அந்தப் பக்கம்." அந்தப் பக்கம் மலையாகக் குவிந்தது. இந்தப் பக்கம் மூன்றே மூன்று. விளையாட்டு வகுப்புக்குப் போடும் பேண்ட், ஒரு பழைய மழைக்கோட்டு, துவைத்ததில் சுருங்கிப்போன அவனுடைய ஸ்வெட்டர். மூன்றுக்கும் என்ன பொருத்தம் என்று அவனுக்குப் பிடிபடவில்லை. தலையணையில் சாய்ந்தவன் அப்படியே கண்ணயர்ந்துவிட்டான். அவள்தான் உலுக்கி எழுப்பினாள்.

"அப்பா, மூணுலயும் பாக்கெட் இருக்கு."

குவிந்து கிடந்த கவுன்களை இருவருமாகப் புரட்டிப் பார்த்தார்கள். ஒன்றில்கூடப் பாக்கெட் இல்லை.

சனிக்கிழமை அவளை வீட்டில் தனியாக விட மனமில்லாமல் பேருந்திலேயே கூட்டிப்போனான். முன்கதவுக்கு எதிரே இருக்கும் ஒற்றை இருக்கையில் உட்கார வைத்தான். சிக்னலில் நின்றபோது திரும்பி, "சும்மா உக்காந்திருக்காம ஏறுறவங்களைப் பாரு. யாரு போட்டிருக்கிறது உனக்குப் புடிக்குதுன்னு பாரு," என்றான். நடத்துநர் இல்லாத வண்டி; தினமும் நூறு நூறு பேர் அவன் கண் முன்னால்தான் ஏறி, அவனிடமே சீட்டு வாங்குகிறார்கள். அவனுக்கு முகங்கள்தான் ஞாபகம், அதுவும் சில்லறை இல்லாத முகங்கள். வாண்டு வேறு எதையோ பார்த்துக்கொண்டு வந்தாள். தலை முதல் கால்வரை சாம்பல் நிறத்தில் வரும் வயதான அம்மா ஒருத்தி ஒரு காலுக்குச் சிவப்பும் மறுகாலுக்குப் பச்சையுமாகக் காலுறை போட்டிருந்ததை அவள் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். அந்த அம்மா ஆறு வருடமாக அவன் வண்டியில் வருகிறாள்.

நாலாவது நடை முடிந்து வண்டியை ஓரங்கட்டினான். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தபடியே கேட்டான்.

"என்ன, யாரைப் புடிச்சுது?"

"நிறையப் பேரு ஏறினதும் சட்டையை இழுத்து விட்டுக்கிறாங்கப்பா. கொஞ்சப் பேருதான் போட்டதையே மறந்துட்டு ஏறுறாங்க. அவங்கதான் நல்லா இருந்தாங்க."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். தன்னையறியாமல் அவன் கை சீருடையின் கீழ் ஓரத்தை இழுத்து விட்டுக்கொண்டிருந்தது.

அன்றைக்கே ஷிப்ட் முடிந்து நேராகத் துணிக்கடை. போட்டுப் பார்க்கும் அறைக்கு வெளியே கிடந்த முக்காலியில் உட்கார்ந்ததுதான் தெரியும். "சார், சார், உங்க பொண்ணு கூப்பிடுறா," என்று விற்பனைப் பெண் தட்டி எழுப்பினாள். வாண்டு திரைக்கு முன்னால் நின்றிருந்தாள். பையன்களுக்கான கடுகு மஞ்சள் சட்டை, மார்பில் இரண்டு பெரிய பாக்கெட்டுகள், கீழே கரும்பச்சைப் பேண்ட். அவன் கண்ணுக்கு இரண்டும் சண்டைக்காரப் பங்காளிகள்போல இருந்தன.

"பாப்பா வயசுக்கு அந்தப் பக்கம் நிறைய அழகா இருக்கு சார்," என்றாள் விற்பனைப் பெண்.

"நல்லா இருக்காப்பா?"

இல்லை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவன் நல்லா இருக்கு என்று சொன்னதெல்லாம் கடைசியில் நாலு கிளிப்பில் போய் முடிந்ததும் நினைவுக்கு வந்தது. அதோடு, எதையும் தீர்மானிக்கிற தெம்பு அவனிடம் மிச்சமில்லை. "என்னைப் பாக்காத. கண்ணாடியைப் பாரு," என்றான்.

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். பாக்கெட்டில் கைவிட்டாள். குனிந்தாள், கைகளைத் தூக்கினாள், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்தாள். "சரி," என்றாள், அவனிடம் இல்லை.

அடுத்த நாளே சட்டையின் காலரைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டாள். "புதுச் சட்டைடி! கொழுப்பா உனக்கு?" என்று கத்தினான். "கழுத்துல இடிக்குதுப்பா," என்றாள் மெதுவாக. வெட்டு ஒரு பக்கம் சாய்ந்து, எலி கடித்ததுபோல இருந்தது. அடிக்க ஓங்கிய கைதான் பிறகு ஊசியில் நூல் கோத்தது. சீருடைக்குப் பொத்தான் தைத்த அனுபவம் மட்டும் உள்ள கை. ஓரத்தை மடித்து, இரண்டு இடத்தில் விரலைக் குத்திக்கொண்டு, மேடும் பள்ளமுமாகத் தைத்து முடித்தான். போட்டுக் காட்டினாள். அவளுக்கு இத்தனை நீளமான கழுத்து இருப்பதை அப்போதுதான் பார்த்தான்.

மனைவிக்கு முன்கூட்டியே சொல்லிவிட நினைத்தான். மூன்று நாள் செய்தி எழுதி எழுதி அழித்தான். புதன்கிழமை சாயங்காலம் அழைப்பு வந்தபோது வாண்டு அந்தச் சட்டையோடு வந்து உட்கார்ந்தாள்.

மனைவி திரைக்கு அருகே குனிந்து சட்டையைப் பார்த்தாள். இல்லத்தின் வெளிர்நீல மேலங்கியில், ஒரு ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தாள். "இது யாரு சட்டை?"

"என்னோடதும்மா. நானே எடுத்தேன்."

"நான் அனுப்பினது?"

"பத்தலம்மா."

"எந்த எடத்துல?"

வாண்டு அப்பாவைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எல்லா எடத்துலயும்மா."

"போன வாரம் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தியே?"

"அவளைக் கேக்காத," என்றான் அவன். "நான்தான் பின்னாடி கிளிப்பு போட்டேன். போன தடவையும். முன்பக்கம் மட்டும் தெரியட்டும்னு."

"கிளிப்பா? துணி காயப்போடுற கிளிப்பா?"

"ஆமா."

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா என்று ஒரு கணம் சந்தேகமாக இருந்தது. இல்லை. "இங்க இருக்கிற பெரியவங்க ஒவ்வொருத்தர் சட்டை அளவும் எனக்குத் தூக்கத்துல கேட்டாலும் தெரியும்ங்க," என்றாள். "ஏங்க, என் பொண்ணு அளவை மட்டும் எங்கிட்ட மறைச்சிட்டீங்களே."

அவன் வாய்க்குள் ஏதோ முனகினான். வாண்டுதான் முன்னால் வந்தாள். "அம்மா, இதுல பாக்கெட் இருக்கு, பாரேன்." ஒரு பேருந்துச் சீட்டு, கட்டைப் பென்சில், வழவழப்பான ஒரு கல், மூன்றையும் எடுத்துக் காட்டினாள்.

"உனக்குப் புடிச்சிருக்கா இது?"

"போட்டதே ஞாபகம் வரலம்மா."

அந்தப் பதில் அவளுக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் தலையாட்டினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு செல்போனை எதிலோ சாய்த்து வைத்துவிட்டு, தள்ளிப்போய் நேராக எழுந்து நின்றாள்.

"இப்ப எனக்கு நீ எது வரைக்கும் இருப்ப?"

அவன் மகளைத் தன் பக்கத்தில் நிற்க வைத்தான். அவள் உச்சந்தலை அவன் தோளைத் தொட்டது. மனைவி அவன் காதுவரை வருவாள், அது மறக்கவில்லை. அங்கே அவள் வலது கையைக் கவிழ்த்துத் தன் வயிற்றருகே பிடித்துக் காட்டினாள். போகும்போது இருந்த உயரம்.

"இங்கயா?"

"இன்னும் மேல," என்றான்.

கை நெஞ்சுக்கு வந்தது. "இங்க?"

"இன்னும் மேலம்மா," என்றாள் வாண்டு.

தோளைத் தாண்டிக் கழுத்து, தாடை. ஒவ்வொரு இடத்திலும் நின்று நின்று, நம்ப மாட்டாமல் ஏறியது அந்தக் கை. காதுமடலுக்கு நேராக வந்ததும் அவன் போதும் என்றான். கவிழ்ந்த உள்ளங்கைக்குக் கீழே அந்த ஊர் ஜன்னலின் வெளிச்சம் மட்டும் இருந்தது.

"அங்கதாம்மா," என்றாள் வாண்டு. "கையை எடுத்துடாத."