ஆஷ்ட்ரேக்குப் பின்னால்

சாவியை என் கையில் கொடுக்காமல் பானெட் மேல் வைத்துவிட்டு, ஷெட் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து நகம் வெட்ட ஆரம்பித்தார் என் புருஷன். நாங்கள் பிரிந்து பல மாதம் ஆகிறது. இன்னும் 'அவர்' என்றுதான் வாயில் வருகிறது. பழக்கதோஷம்.

"மெக்கானிக் எவனும் என் கேட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது. கயிறு கட்டி இழுக்கவும் கூடாது. நீயே ஸ்டார்ட் பண்ணு, நீயே எடுத்துட்டுப் போ. சாயங்காலம் வரைக்கும்தான். அப்புறம் வண்டி எனக்கு. வக்கீல் முன்னாடி தலையாட்டினேல்ல?"

ஆட்டினேன்தான். அது என் அப்பாவின் கார். அப்பா காலத்தில் ஒரு சாவி, ஒரு சோக், அவ்வளவுதான். அப்பா போன பிறகு என்னிடம் வந்தது, அதாவது இவர் கைக்குப் போனது. எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிற மனுஷன் சும்மா இருப்பாரா? பார்த்த இடத்திலெல்லாம் ஓட்டை போட்டு ஸ்விட்ச் வைத்தார். டாஷ்போர்டில் ஒரே மாதிரி கறுப்பு ஸ்விட்சுகள் வரிசையாக நின்றன. எதிலும் ஒரு எழுத்து கிடையாது. கேட்டால், "எனக்குத் தெரியும், போதும்" என்பார்.

என்னோடு வந்தவள் அக்கா. துணைக்கு என்று சொல்ல மாட்டேன். அம்மா போனதிலிருந்து அவள் எனக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அம்மா பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடந்த அன்று நான் போய்ச் சேரவில்லை. "கார்ல பெட்ரோல் இல்லக்கா" என்று மறுநாள் சொன்னேன். "நல்ல சாக்குடி" என்றாள். அதற்கப்புறம் பேச்சு அறுந்துவிட்டது. இன்று வந்ததும் எனக்காக அல்ல.

"அப்பா வண்டிய அந்தாளுக்கு விட மாட்டேன். அதுக்குத்தான் வந்தேன்," என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டாள்.

சாவியைப் போட்டுத் திருப்பினேன். ஒரு முனகல்கூட இல்லை. அவர் வெட்டிய நகத்தை ஊதிவிட்டார்.

"அதுக்கெல்லாம் மூளை வேணும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மூளை கிடக்கட்டும், கண் இருக்கிறதே! இத்தனை வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். பேசினால் சண்டை என்று வாயை மூடிக்கொண்டு வேறு எதைப் பார்த்தேன்? இவர் கையைத்தான். ஏறி உட்கார்ந்ததும் செருப்பைச் சரிசெய்வது போலக் குனிவார். நானும் குனிந்தேன். கால்மிதியைத் தூக்கினால், சீட்டுக்கு அடியில் ஒரு திருகு ஸ்விட்ச் இருந்தது. திருப்பினேன். மறுபடி சாவியைப் போட, டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. நகவெட்டி நின்றது.

அக்கா பொறுக்க முடியாமல் ஒரு ஸ்விட்சைத் தட்டினாள். காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கரகரவென்று தேய்த்தது. இன்னொன்றைத் தட்ட ஹாரன் அலறியது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"கைய வச்சுக்கிட்டு சும்மா இரு அக்கா," என்றேன். "எனக்கே தெரியும்."

சாவி போட்டதும் இவர் ஓரத்து ஸ்விட்சைத் தட்டிவிட்டு ஒரு பாட்டின் முதல் வரியை முனகுவார். எவ்வளவு அவசரமானாலும் முனகுவார். அதைத் தட்டினேன். பின்னால் பெட்ரோல் பம்ப் படபடவென்று ஓடியது. பெட்ரோல் ஏறும் வரை காத்திருக்கத்தான் அந்தப் பாட்டு! நான் பாடவில்லை. அவர் வம்சத்தை மனசுக்குள் திட்டி முடித்தேன், அதே நேரம்தான் ஆனது.

அடுத்து முழங்காலைச் சொறிவார். ஸ்டியரிங்குக்குக் கீழே துழாவினேன், ஒரு பட்டன் அகப்பட்டது. அமுக்கியதும் இருமி இருமிப் பிடித்துக்கொண்டது எஞ்சின். அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

அக்கா என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். கையில் கசக்கிக்கொண்டிருந்த பஸ் டிக்கெட்டைப் போட ஆஷ்ட்ரேயை இழுத்தாள். அது மொத்தமாகக் கையோடு வந்தது. பின்னால் குட்டியாக இன்னொரு ஸ்விட்ச்.

"அதத் தொடாதீங்க!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார்.

தொடாதே என்றால் எங்கள் வீட்டில் யாரும் தொடாமல் இருந்ததில்லை. அக்கா தட்டினாள். எஞ்சின் நிற்கவில்லை, விளக்கு அணையவில்லை. பெட்ரோல் முள் மட்டும் முக்கால் டேங்கிலிருந்து மெதுவாக இறங்கி, அடியில் போய்ப் படுத்தது. திரும்பத் தட்டினாள். மெதுவாக ஏறி முக்காலில் நின்றது.

இவருக்கு சிகரெட் பழக்கம் கிடையாது. ஆனால் அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று நான் கிளம்பும் நாளெல்லாம் ஆஷ்ட்ரேயை இழுத்து மூடுவார். "பாரு, முள்ளு கீழ கிடக்கு. பங்க் வரைக்கும்கூடப் போகாது." மறுநாள் முள் மேலே நிற்கும், "கேன்ல வாங்கி ஊத்தினேன்" என்பார். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்த அன்று மழை. கடைசி பஸ்ஸும் போய்விட்டது. பையோடு காரில் ஏறி உட்கார்ந்தேன். முள் இறங்குவதை என் கண்ணால் பார்த்தேன், நம்பினேன். விடிந்து முதல் பஸ்ஸில் போனபோது அம்மா இல்லை.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வந்து நின்றவரைப் பார்த்தாள்.

"தம்பி, இது எதுக்கு?"

"அது... பெட்ரோல் கேஜ் செக் பண்றதுக்கு."

"அன்னிக்கு டேங்க்ல எவ்வளவு இருந்துச்சு?"

"அந்த மழையில போயிருந்தா வழியிலயே செத்திருப்போம். எல்லாம் இவ நல்லதுக்குத்தான்..."

அவன் சொல்லி முடிக்கும் வரை நான் இருக்கவில்லை. ஆமாம், அவன். கியரைப் போட்டேன். விலகிச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். வாசலில் நாற்காலி அப்படியே கிடந்தது. நான் நிறுத்தவில்லை. சக்கரத்துக்கு அடியில் அது நொறுங்கிய சத்தம் காதுக்கு நன்றாகத்தான் இருந்தது.

தெருமுனை தாண்டியதும் அக்கா அந்த ஸ்விட்சை மறுபடி தட்டினாள். முள் இறங்கிப் படுத்தது. அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். கடைத்தெரு போனது, பெட்ரோல் பங்க் போனது, ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் ரோடும் வந்துவிட்டது. அவள் கை என் தோளில் விழுந்தது, கனமாக.

"ஓடுதுடி," என்றாள். "அன்னிக்கும் ஓடியிருக்கும்டி."