கேட்டு நடந்த வழி

வரதராசன்பேட்டைக்கு மேற்கே, ரோட்டை ஒட்டினாற்போல் சவரியாருக்கு நாலு ஏக்கர் செம்மண் கொல்லை. அதற்கு நேர் பின்னால் வீரமுத்துவுக்கு இரண்டு ஏக்கர். வீரமுத்து தன் கொல்லைக்குப் போக வேண்டுமானால் ஓடையைச் சுற்றிக்கொண்டு ஒரு மைல் நடக்க வேண்டும். ஓடையில் தண்ணீர் வந்துவிட்டால் அந்த வழியும் இல்லை. அதனால் சவரியார் கொல்லையின் தெற்கு ஓரமாகவே நடந்தான், வண்டி ஓட்டினான். ஒரு வருஷம் இரண்டு வருஷமல்ல, இருபத்து மூன்று வருஷம்.

முதன்முதலில் கேட்டுக்கொண்டுதான் நடந்தான். 1922-ல், கல்யாணமான புதிதில், அவனும் அவன் மனைவி பொன்னுத்தாயும் சவரியார் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

"அண்ணே, ஒங்க கொல்ல ஓரமா போயி வந்துக்கட்டுமா? பயிர மிதிக்க மாட்டோம்."

"போயேன்டா. இதுக்குப் போயி புருசனும் பொண்டாட்டியுமா வந்து நிக்கணுமா? இனிமே இதயெல்லாம் கேட்டுக்கிட்டு வராத" என்றார் சவரியார்.

அவனும் அதன்பிறகு கேட்கவில்லை. சவரியாருக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. அவர் மனைவி வாந்திபேதியில் போனபோது சொந்தக்காரர்களே கிட்டே வரப் பயந்தார்கள். சவப்பெட்டியின் முன்பக்கத்துக்குத் தோள் கொடுத்தவன் வீரமுத்து. மகள் ஆரோக்கிய செல்வியைத் திருச்சியில் கட்டிக்கொடுத்தபோது சீர்ப் பாத்திரங்களை அரியலூர் ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுபோனது அவன் வண்டிதான்.

1945-ல் சவரியார் தன் கொல்லையில் முந்திரிக் கன்று வைத்தார். ஊர் ஆடுகள் கன்றுகளை மொட்டையடித்தன. வேறு வழியில்லாமல் சுற்றிலும் முள்வேலி போட்டு, ரோட்டுப் பக்கம் ஒரு படல் வைத்து, சங்கிலி கோத்துப் பூட்டினார். "சாவி எங்க வூட்டு நிலையில தொங்கும். வேணுங்கறப்ப எடுத்துக்க" என்று வீரமுத்துவிடம் சொன்னார். அவன் தலையாட்டினான்.

அந்தக் கார்த்திகையில் மகளுக்கு வலி கண்டுவிட்டது என்று திருச்சியிலிருந்து ஆள் வந்தது. சவரியார் போட்டது போட்டபடி கிளம்பினார். சாவி இடுப்பில் இருந்தது. பேரன் பிறந்து, குளிப்பாட்டி, அவர் ஊர் திரும்பப் பதினோரு நாளாயிற்று. இடையில் அடைமழை. ஓடை நிரம்பிவிட்டது. வீரமுத்து பிடுங்கிக் குவித்திருந்த கடலை முழுவதும் கொல்லையிலேயே நனைந்து முளைவிட்டுக் கிடந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் செய்தி தெரிந்து சவரியார் ஓடினார். வீரமுத்து கறுத்துப்போன கடலையை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தான்.

"அடப்பாவி, வேலிய வெட்டித் தள்ளிட்டு வண்டிய ஓட்டிக்கிட்டுப் போயிருக்கக் கூடாதா? நான் என்ன கேக்கவா போறேன்?"

வீரமுத்து தலையை நிமிர்த்தவில்லை. "போனது போவுதுண்ணே" என்றான்.

அடுத்த பட்டத்துக்கு விதை வேண்டுமே என்று சவரியார் தன் கடலையில் நாலு மூட்டையைக் கொண்டுபோய் அவன் வீட்டில் இறக்கினார். சாவியையும் கொடுத்தார். அவன் இரண்டையும் வாங்கிக்கொண்டான். அதோடு மனத்தாங்கல் தீர்ந்தது என்று அவர் நினைத்தார்.

மூன்றாம் மாதம் வக்கீல் நோட்டீஸ் வந்தது. பிறகு அரியலூர் கோர்ட்டில் வழக்கே போட்டுவிட்டான். தெற்கு ஓரத்து வண்டிப்பாதை தனக்குப் பாத்தியப்பட்டது, அதில் படலோ பூட்டோ போட சவரியாருக்கு உரிமை கிடையாது என்று.

சவரியார் பிடித்த வக்கீல் நடராசன் காகிதத்தைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நெலம் ஒங்களுதுதான். அதுல தகராறு இல்ல. ஆனா ஒருத்தன் இருவது வருஷம் எல்லாரும் பாக்க, தடையில்லாம, தன் உரிமைன்னு நடந்துட்டான்னா, சொந்தக்காரரே ஆனாலும் மறிக்க முடியாது. சட்டம் அப்படி."

"அவன் என்னக் கேட்டுல்ல சார் நடந்தான்!"

"அப்படின்னா கேஸே இல்ல. அனுமதி வாங்கி நடந்தா நூறு வருஷம் ஆனாலும் அது உரிமையா ஆவாது. கேட்டப்ப கூட யாரு இருந்தாங்க?"

"அவன் சம்சாரம்."

"அந்தம்மாவ சாட்சிக்கு இழுங்க."

சவரியார் எழுந்து நின்றுவிட்டார். "கட்டுனவனுக்கு எதிரா ஒரு பொம்பளையக் கூண்டுல ஏத்தச் சொல்றீங்களா? நல்லா இருக்கு சார். அவனையே கேளுங்க, போதும். கோவத்துல கேஸு போட்டிருக்கான். சாமி பேரச் சொல்லிப் பொய் பேச மாட்டான்."

விசாரணையன்று கோர்ட் நிறைந்திருந்தது. வீரமுத்து வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு கூண்டில் ஏறினான். சத்தியம் செய்தான். நடராசன் கேட்டார்:

"இந்த வழியில போறதுக்கு நீ முதல்ல சவரியாருகிட்ட அனுமதி கேட்டியா, இல்லியா?"

வீரமுத்து எதிர்ச்சுவரைப் பார்த்தான். "கேட்டதில்லீங்க."

"ஒரு தடவ கூடவா?"

"ஒரு தடவ கூட இல்லீங்க. எங்கப்பன் காலத்துலேருந்து நடக்குற பாத. நான் ஏங்க கேக்கணும்?"

 கோர்ட் டவாலி தன் பெயரைக் கூப்பிட்டதுகூடச் சவரியாருக்குக் கேட்கவில்லை. பக்கத்திலிருந்தவர் தொட்டு எழுப்பிவிட்டார். கூண்டில் ஏறி நடந்ததை நடந்தபடி சொன்னார். எதிர்க்கட்சி வக்கீல் பணிவாகத்தான் கேட்டார்.

"அதுக்கப்புறம் எந்த வருஷமாவது உங்களைக் கேட்டாரா?"

"இல்லீங்க. நாந்தான் கேக்க வேணாம்னு சொன்னேன்."

"கேட்க வேண்டாம்னு நீங்களே சொன்னீங்க. இருபத்து மூணு வருஷம் அவரும் கேட்கலை, நீங்களும் தடுக்கலை. சரிதானே?"

"சரிதாங்க" என்றார் சவரியார். வேறு என்ன சொல்வது?

தீர்ப்பு வீரமுத்து பக்கம். அனுமதி கேட்டதற்குச் சாட்சி இல்லை, இருபது வருஷத்துக்கு மேல் நடந்ததற்கு ஊரே சாட்சி. ஒன்பதடி அகலத்துக்குப் பாதை விட வேண்டும், அதில் எந்த அடைப்பும் கூடாது.

தீர்ப்பன்று சவரியார் கோர்ட் வாசல் புளியமரத்தடியில் காத்து நின்றார். வீரமுத்து வெளியே வந்ததும் போய் மறித்தார்.

"வழிய நீ எடுத்துக்க. நெலத்தயே கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேன். நீ என்னக் கேட்டியா இல்லியா? அத மட்டும் சொல்லு."

வீரமுத்து சுற்றுமுற்றும் பார்த்தான். "கேட்டேன்."

"பின்ன ஏன்டா?"

"கேட்டேன்னு சொன்னா, ஒங்களுக்கு மனசு இருக்குற வரைக்குந்தாண்ணே எனக்கு வழி. ஒங்களுக்கப்புறம் யாரு வருவானோ. பதினோரு நாளு அந்தப் பூட்டப் பாத்துக்கிட்டே நின்னேன். கடல முளைக்கிற வாசம் வந்துச்சு. வேலிய வெட்டியிருக்கலாம்ல, வெட்டியிருக்கலாம்லன்னு நீங்க சொல்றீங்க. வெட்டியிருந்தா நான் திருடன்."

"அதுக்காக என்னப் பொய்யனாக்கிட்டியே."

 ஊருக்குப் போகிற பஸ், பெட்ரோல் இல்லாமல் கரி எரித்து ஓட்டுகிற பஸ், ஒன்றே ஒன்றுதான். இருவரும் அதிலேயே ஏறினார்கள். சவரியார் முன்னால் உட்கார்ந்தார், அவன் கடைசியில். மேட்டில் பஸ் திணறி நின்றபோது எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். தள்ளும்போதும் அவர் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம்.

கோர்ட் அமீன் வந்து பாதையை அளக்கும் வரை சவரியார் காத்திருக்கவில்லை. மறுநாள் காலையிலேயே மண்வெட்டி எடுத்துப்போய்ப் படலைப் பிடுங்கிப் போட்டார். பாதையின் அகலத்துக்குள் வந்த பதினாலு முந்திரிக் கன்றுகளை வெட்டினார். ஒன்பதடிக்குக் கயிறு பிடித்து முளை அடித்தார். ஓரடி கூடவே விட்டார், நாளைக்கு இதற்கும் ஒரு நோட்டீஸ் வரக்கூடாதே என்று.

அங்கேதான் பொன்னுத்தாய் வந்து நின்றாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"அண்ணே, நானும் கூட நின்னுல்ல கேட்டேன். என்னக் கூப்புட்டிருந்தா உள்ளதச் சொல்லியிருப்பேன்."

"தெரியும் தங்கச்சி. சொல்லிட்டு நீ எந்த வூட்டுக்குப் போயிருப்ப? அதான் கூப்புடல. போ, அவன் பாத்தா தப்பா நெனப்பான்."

அந்த வருஷக் கடலை வண்டி எந்தத் தடையும் இல்லாமல் அந்தப் பாதையில் போயிற்று. களையெடுத்துக்கொண்டிருந்த சவரியாரைப் பார்த்து வீரமுத்து மாட்டை நிறுத்தினான்.

"அண்ணே, ஒரு வார்த்த பேசுங்கண்ணே."

அவர் நிமிர்ந்தார். "வழிய கோர்ட்டு குடுத்துச்சு, போ. பேசணும்னு அதுல எழுதல."

வீரமுத்து கயிற்றைச் சுண்டி வண்டியை ஓட்டிக்கொண்டு போனான்.

கிறிஸ்மஸுக்கு ஆரோக்கிய செல்வி குழந்தையோடு வந்திருந்தாள். பூசையில் எல்லோரும் பரலோக மந்திரம் சொன்னபோது அப்பாவின் குரல் நடுவில் ஓர் இடத்தில் நின்று, பிறகு தொடர்ந்ததைக் கவனித்தாள். தீமை செய்தவர்களைப் பொறுத்துக்கொள்வதாகச் சொல்லும் இடம் அது. கோயிலை விட்டு வெளியே வந்ததும் கேட்டாள்.

"ஏம்ப்பா, அந்த வரிய மட்டும் விட்டுட்டீங்க?"

சவரியார் பேரனை அவள் கையிலிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சாமி முன்னால நின்னுக்கிட்டுப் பொய் சொல்ல வேணாம்னுதாம்மா."