காலியான நாற்காலி

மதியச் சாப்பாடு முடிவதற்குள் மலை தன் மூடுபனியை மொலிகோ தெருவில் இறக்கிவிட்டது. எதிரே பஃப்-பஃப் என்கிற மாவுருண்டை பொரிக்கிறவள் கடை திறந்திருப்பது வாசனையால்தான் தெரிந்தது. எவானே ஜன்னலைச் சாத்திவிட்டு, செத்துப்போன நண்பனின் தப்பைத் திருத்த உட்கார்ந்தான். உயிரோடு இருந்தவரை மொகாக்கே தன் கணினி நிரலில் யாரையும் கைவைக்க விட்டதில்லை. இனி யார் கேட்கப்போகிறார்கள் என்று எவானே தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொல்லிவிட்டு ஒருமுறை முதுகுப்பக்கம் திரும்பியும் பார்த்துக்கொண்டான்.

கட்டைகளை அடுக்கி ஊர் கட்டும் கணினி விளையாட்டு அது. அதில் சேர்த்துக்கொள்ள கம்பி, விளக்கு, மிதிபலகை, லாஜிக் கேட் என்கிற முடிவெடுக்கும் கட்டை எல்லாம் மொகாக்கே செய்து வைத்திருந்தான். இரண்டு மிதிபலகையிலும் ஆள் இருந்தால் கேட் விளக்கை ஏற்ற வேண்டும். ஆனால் சில நாள் ஒரே ஆளுக்கு ஏற்றியது, சில நாள் மறுத்தது. விளையாட்டில் தாங்கள் கட்டிய லிஃப்டுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று லிம்பே ஊர்ப் பையன்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். உங்கள் இணைப்பு சரியில்லை என்று எவானேயும் நிபுணத் தோரணையில் பதில் போட்டுக்கொண்டே இருந்தான்.

இன்றைக்குத்தான் பேயின் முகவரி கிடைத்தது. ஆட்டக்காரன் நடக்க நடக்க, தூங்கிக்கிடக்கும் ஊர் துண்டு துண்டாக விழிக்கும். ஆற்றுப் பக்கமாக வந்தால் மிதிபலகை முதலில் விழிக்கும்; கேட் அதனிடம் ஆள் இருக்கிறதா என்று விசாரித்துத் தெரிந்துகொள்ளும். சந்தைப் பக்கமாக வந்தால் கேட் முதலில் விழிக்கும். விசாரிக்க ஆளில்லாமல் தன் பழைய ஞாபகத்தையே நம்பிவிடும்.

திருத்தம் நான்கே வரி. ஆனாலும் அவன் மொகாக்கேயின் தங்கை லிமுங்காவை வரச் சொல்லியிருந்தான். விளையாட்டுக்குள் மொகாக்கே கட்டிய வீடு ஒன்று இருந்தது. வாசலில் ஒரு மிதிபலகை, உள்ளே அவன் நாற்காலிக்கடியில் இன்னொன்று; இரண்டிலும் ஆள் இருந்தால் ஜன்னலில் விளக்கு எரியும். கடைசியாக அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி போனில் விளையாடி அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தபோது கரண்ட் போய் சர்வர் அணைந்துவிட்டது. அவன் எழுந்துபோனதை யாரும் அந்த லாஜிக் கேட்டிடம் சொல்லவில்லை. அதன் ஞாபகத்தில் அவன் இன்னும் உட்கார்ந்துகொண்டிருந்தான். லிமுங்கா தினமும் விளையாட்டுக்குள் போய் அந்த வாசலில் நிற்பாள். விளக்கு எரிந்தால் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவாள்.

மருந்துக்கடை வேலை முடிந்து, நனைந்த தலையோடு வந்தாள். எவானே சுற்றி வளைத்து எல்லாவற்றையும் விளக்கினான். பிறகு, அந்த ஒரு வீட்டை மட்டும் விட்டுவைக்கலாம், யாருக்கும் தெரியாது என்றான்.

அவள் தலையிலிருந்து வழிந்த நீரைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ எரியாத நாள்ல அவன் கோவமா இல்லியா?"

"கோவமா? நீ ஆத்துப் பக்கமா வந்திருப்பே. அவ்ளோதான்."

"போன ஞாயித்துக்கெழம அவன் கிட்டாரை வித்தோம் அண்ணே. அன்னிக்கு எரியல. வாசல்லயே நின்னு மன்னிப்பு கேட்டுட்டு இருந்தேன்."

இணைப்பு சரியில்லை என்று எவானே சொல்லிச் சமாளித்துவிடக்கூடிய ஆள் இல்லை இவள்.

"எல்லாத்தையும் சரி பண்ணிடு. அவன் வீட்டையும்தான்."

சரி பண்ணினான். லிமுங்கா தன் போனில் சந்தைப் பக்கமாகவே நடந்து போய் வாசலில் நின்றாள். வீடு இருட்டாகவே இருந்தது. இன்னொரு பக்கமாகச் சுற்றி வந்தாள். அப்போதும் இருட்டுதான். லாஜிக் கேட் முதல் தடவையாக ஒழுங்காக வேலை செய்தது; எவானேவுக்கு அது பிடிக்கவில்லை. தான் உள்ளே போய் உட்காரட்டுமா என்று மெல்லக் கேட்டான்.

"நீ உக்காந்தா நாற்காலி ஒடஞ்சிரும்," என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "நான் போறேன். நீ வாசலுக்கு வா."

அவள் போனில் அந்த வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போய்ச் சாத்திக்கொண்டாள். எவானே தன் ஆளை வாசல் பலகையில் கொண்டுவந்து நிறுத்தினான்.

ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம் வந்தது.

உள்ளே உட்கார்ந்திருப்பது யார் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். பக்கத்து ஸ்டூலில்தான் ஈரத் தலையோடு இருந்தாள். இருந்தும் அந்தக் கதவைத் திறக்க அவனுக்குக் கை வரவில்லை.