வாத்தியாரின் இடது புருவம்

1

"பாதிச் சொட்டு எப்படிங்க விழும்? நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

"விழுதோ விழலையோ, வழிமுறையை எழுது! வழிமுறைக்குத்தான் மார்க்கு!"

"ஆளு சாகக் கெடக்கறப்போ வழிமுறை எழுதிட்டா இருப்பாங்க?"

"எந்த ஆளுடி சாகறான்? இது பேப்பரு!"

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது இப்படித்தான், சுவர் வழியாக. ஒட்டுக்கேட்டேன் என்று சொல்லக் கூச்சப்பட்டு, முதல் மூன்று பிரதிகளில் "காற்றில் வந்தது" என்று எழுதிவைத்திருந்தேன். காற்றாவது மண்ணாவது. நாற்காலியை இழுத்துப் போட்டு, சுவரில் தோளைச் சாய்த்துக்கொண்டு கேட்டேன். இது நான்காவது பிரதி. இனிமேல் பொய் சொல்லத் தெம்பில்லை.

அடுத்த வீட்டில் மூன்று பேர். அவள் நர்ஸ். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஒரு மகள், காதில் எதையோ செருகிக்கொண்டே வளர்ந்த பெண், அதனால் இந்தக் கதைக்குள் அவளுக்கு எதுவும் கேட்காது.

அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் திடீரென்று ஒரு எழுத்துத் தேர்வு வைத்தார்கள். மருந்தளவுக் கணக்கு, இருபது கேள்விகள், மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தேறாதவர்களுக்கு வார்டு கிடையாது. துணிக் கிடங்குக்குப் போய்ப் படுக்கை விரிப்பு எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். இவள் இரண்டு முறை தோற்றிருந்தாள். வார்டில் இருபத்திரண்டு வருஷம் நின்ற கால்கள்.

2

தொடக்கங்கள் சில, எறிவதற்கு முன்:

"எண்கள் அவளைக் கண்டு பயப்படவில்லை, அவள்தான் –" [அடித்துவிட்டேன். இந்த மாதிரி வாக்கியம் எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.]

"கணிதத்தைப் பற்றிய அச்சம் மனிதருக்கு ஏன், எந்த வயதில் –" [கட்டுரை ஆகிவிடும். கட்டுரைக்கு யாரும் ஒட்டுக்கேட்க மாட்டார்கள்.]

உண்மையில் என்னைப் படுத்தியது வேறு. நாள் தவறாமல் இதே வேலையைச் செய்கிற ஒருத்தி காகிதத்தில் எப்படித் தோற்பாள்? இவளை நானே நம்பவில்லை. பாத்திரம் சரியாக அமையவில்லையோ என்று நினைத்தேன். மாடிப்படியில் மடக்கிக் கேட்டேன்.

"ஏம்மா, வார்டுல என்ன பண்ணுவே?"

"குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிடுவேன், குழாயில இருக்கற உருளையைத் திருகுவேன், வாட்சைப் பாத்துச் சொட்டை எண்ணுவேன். கால் நிமிஷத்துக்குப் பத்து, பதினொண்ணு. அவ்வளவுதான்க்கா."

"பரிட்சையில?"

"அரை லிட்டர், நாலு மணி நேரத்துல ஏறணும், ஒரு மில்லிக்கு இருபது சொட்டு, நிமிஷத்துக்கு எத்தனைன்னு கேப்பாங்க. அதப் படிச்சதும் காது ரெண்டும் அடைச்சுக்கும்."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

"அப்படின்னுதான் அவரும் கத்தறாரு."

3

கதைக்கு வில்லன் வேண்டுமே என்று வாத்தியாரைக் கொஞ்சம் கறுப்படித்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவள் சீருடையை அவர்தான் இஸ்திரி போடுகிறார். சமயத்தில் தன் சட்டைக் காலரைவிட அவள் காலர் மொடமொடவென்று இருக்கும். கேள்விகளை அட்டைகளில் எழுதி, சாப்பாட்டு மேசையில் அவளை எதிரே உட்கார வைத்து, ஒவ்வொன்றாகக் கேட்பார். இரண்டு மாதம், ஒரு நாள் விடாமல். கத்துவார்தான். ஆனால் ஒன்று சரியாகச் சொல்லிவிட்டால், "அப்படிப் போடு!" என்று மேசையைத் தட்டுகிற தட்டில் என் வீட்டு அலமாரியில் டம்ளர் ஆடும்.

டம்ளர் அடிக்கடி ஆடியது. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். வீட்டில் அவள் இருபதுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வாங்கிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஏழு.

"வீட்டுல வருது, அங்க ஏன் வரல?" என்று அவர் கேட்பார். அவரே சொல்லிக்கொள்வார்: "பயம். வெறும் பயம்."

நானும் அப்படித்தான் எழுதி வைத்தேன். மூன்று பிரதிகளில் கதை பயத்தோடு முடிந்துபோயிற்று. எழுதுகிறவர்களுக்கு எல்லாவற்றையும் போட்டு மூட வசதியான சாக்கு அது.

4

மூன்றாவது தேர்வுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, மத்தியானம், அட்டைக்கட்டோடு என் வீட்டுக்கு வந்தாள்.

"அவரு ஸ்கூலுக்குப் போயிருக்காரு. நீங்க சும்மா கேள்வியை மட்டும் படிங்கக்கா."

"எனக்கு ஏழாம் வாய்ப்பாடே தகராறு."

"பரவால்ல. படிங்க."

படித்தேன். அவள் காகிதத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "முப்பது..." என்று இழுத்தாள். நிறுத்தினாள். "நாப்பது?" என்றாள். இன்னும் என்னையே பார்த்தாள்.

"என்னடி, என் மூஞ்சில எதாவது ஒட்டியிருக்கா?"

"ஒண்ணுமே இல்லையேக்கா."

அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் அதற்குள் பேனாவைக் கீழே வைத்திருந்தாள். வாத்தியார் வீட்டுப் பக்கச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்கு இடது புருவம் ஏறும்க்கா. விடைக்குக் கிட்ட வந்தா ஏறும். தாண்டிப் போயிட்டா இறங்கும். முப்பதும்பேன், நாப்பதும்பேன், நாப்பத்திரண்டும்பேன். அது நின்ன எடத்துல நானும் நின்னுக்குவேன். அவரு மேசையைத் தட்டுவாரு." அட்டைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "ரெண்டு மாசமா நான் ஒரு கணக்குகூடப் போடலக்கா" என்றாள்.

[அவள் வேண்டுமென்று ஏமாற்றவில்லை. அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. நோயாளியின் முகத்தைப் பார்த்து வலி எங்கே என்று கண்டுபிடிக்கிற பெண். வீட்டில் அதே கண்ணைத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கும் இந்தச் சீக்கு உண்டு. பத்திரிகை ஆசிரியர் முகம் சுளித்தால் என் கதாநாயகி பிழைத்துக்கொள்வாள்.]

5

எட்டு மத்தியானங்கள் எதிரே உட்கார்ந்தேன். முகத்தில் ஒன்றும் தெரியாமல் இருக்க நான் எந்த முயற்சியும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

முதல் இரண்டு நாள் எல்லாம் தப்பு. தப்பு என்று எனக்குத் தெரியாது, அவள்தான் சொன்னாள். மூன்றாம் நாள் அதே சொட்டுக் கணக்கு. பத்து நிமிஷம் கிறுக்கிவிட்டு, "நானூத்திப் பதினாறு" என்றாள். நான் தலையாட்டினேன். எது சொன்னாலும் ஆட்டுவேன், மத்தியானத் தூக்கம் போன கடுப்பு. அவள் சிரிக்கத் தொடங்கினாள்.

"அக்கா, இது சொட்டு இல்ல, குழாயைத் தெறந்துவிட்ட மாதிரி! ஆளு மூழ்கிடுவான்!"

எழுதியதை அடித்தாள். "மணிக்கு நூத்தி இருபத்தஞ்சு மில்லி. சொட்டாக்கினா ரெண்டாயிரத்து ஐந்நூறு. அறுபதால வகுத்தா... நாப்பத்தொண்ணு புள்ளி ஆறு ஆறு." வாட்சைப் பார்த்தாள். காற்றில் விரலால் எதையோ எண்ணினாள். "கால் நிமிஷத்துக்குப் பத்து, பதினொண்ணு. இதத்தானக்கா தெனமும் பண்றேன்!"

டம்ளர் எதுவும் ஆடவில்லை.

6

முடிவுகள், வேண்டியவர்கள் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்:

அ. தோற்றாள்; துணிக் கிடங்கில் விரிப்புகளைப் பிழையில்லாமல் எண்ணி – [இரக்கம் வரும், ஆனால் பொய்.]

ஆ. தேறினாள், கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள், அவர் கண்ணாடி முன்னால் நின்று – [இப்படி நடந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.]

நடந்தது: பத்தொன்பது வாங்கினாள். வார்டு தங்கியது. வாத்தியார் இனிப்புப் பெட்டியோடு வீடு வீடாக ஏறி இறங்கினார்.

"அடிப்படையிலேர்ந்து ஏழு தடவை சொன்னேன். ஏழாவது தடவை உறைச்சிருச்சு!"

அவர் தோளுக்குப் பின்னால் நின்று, அவள் எனக்குக் கண்ணால் வேண்டாம் என்றாள். பிறகு படியில் தனியாக: "சொல்லிடாதீங்கக்கா. யாருக்கு வேணாலும் கணக்கு வரவெச்சுடுவேன்னு ஒரு நெனப்புலதான் அந்த மனுஷன் எந்திரிக்கறாரு."

சத்தியம் செய்தேன். இந்தத் தெருவில் நான் காப்பாற்றிய ஒரே சத்தியம் அது. இந்தப் பக்கம் வரைக்கும்.

7

ஏன் உடைத்தேன் என்று கேட்பீர்கள். வாத்தியாரின் வகுப்புப் பிள்ளைகள்தான் காரணம். வகுப்பில் கரும்பலகைக்கு வந்தால் எல்லோரும் சரியாகச் சொல்வார்களாம். பொதுத்தேர்வில் கவிழ்வார்களாம். "வீட்ல போய்ப் புத்தகத்தைத் தொடறதில்ல" என்று வருஷாவருஷம் என்னிடமே புலம்புவார். கடைசித் தடவை நான் அவர் புருவத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சொன்னால் ஒரு மனிதர் இடிந்து உட்கார்ந்துவிடுவார். சொல்லாவிட்டால், அப்போதைய கணக்குப்படி, வகுப்புக்கு நாற்பது பேர். எது பெரியது என்று எனக்குப் போடத் தெரியவில்லை, வகுக்கவும் தெரியவில்லை. அவருடைய புது முகவரி என்னிடம் இருக்கிறது. இது அச்சானதும் ஒரு பிரதியை அங்கே அனுப்புவதா வேண்டாமா என்று நீங்கள் சொல்லுங்கள். நான் களைத்துவிட்டேன்.

மற்றபடி: அடுத்த வருஷமே அவளுக்கு வேறு ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் வார்டுப் பொறுப்பு கிடைத்து, குடும்பத்தோடு வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்கள். காதில் எதையோ செருகியிருந்த பெண் ஒரு போட்டோகிராபரைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டாள். மண்டபத்தில் வாத்தியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களப் பத்தி எழுதுங்கக்கா, எப்படிச் சொல்லிக்குடுத்தேன்னு" என்றார். வேலையை விட்டுவிட்டு, அந்த ஊரில் சொந்தமாக டியூஷன் தொடங்கிவிட்டாராம். அறுபது பிள்ளைகள், காலையும் மாலையும்.