உறவுக்காரர் மட்டும்

றொமேஷ் அந்த டையை மறுபடியும் அவிழ்த்தான். எப்படிக் கட்டினாலும் பெட்டிக்குள் படுத்திருந்த யாக்கோப்பு அண்ணைக்கு அது தொப்புளுக்கு ஒரு சாண் மேலேயே நின்றது.

"விடுங்கோவன். சனம் பாக்குது," என்றாள் மனைவி பிறேமினி.

"அண்ணை பொறுமையாத்தான் இருக்கிறார். உமக்குத்தான் அவசரம்."

அவள் சிரிக்கவில்லை. செத்தவீட்டில் பகிடிக்கு யாரும் சிரிக்கமாட்டார்கள் என்று தெரிந்தும் விடுகிறவன் றொமேஷ். கைக்கு வேறொன்றும் அகப்படாவிட்டால் அவனுக்கு அதுதான் அகப்படும்.

லண்டனில், மிச்சம் என்ற பகுதியின் மாதா கோயில் மண்டபத்தில் பாதி நாற்காலிகள் நிரம்பியிருந்தன. வந்தவர்களெல்லாம் றொமேஷின் கடைக்கு வந்துபோகிறவர்கள். அண்ணையைத் தெரிந்து வந்தவர் என்று எவருமில்லை. அதுவும் அவன் பார்த்த வேலைதான். அண்ணைக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்த நாளிலிருந்து, "எங்கை உங்கட அண்ணையைக் காணேல்லை?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "நைட் ஷிப்ட்" என்று சொல்லிவந்தான். வருஷக்கணக்காக அதே நைட் ஷிப்ட். பகலில் நித்திரைகொள்ளுகிற மனுஷனைக் குழப்பக்கூடாதென்று ஒருவரும் அவருடைய பிளாட்டுப் பக்கம் போகவில்லை. இப்படி உழைக்கிறவர் இரண்டு மூன்று வீடாவது வாங்கிப்போட்டிருப்பார் என்றுகூட ஒரு கதை உலாவியது.

மருந்து தன் வேலையைச் செய்தது. கிருமி பரிசோதனையில் பிடிபடாத அளவுக்கு அடங்கிவிட்டது. அடங்காதது மற்றது. தேத்தண்ணிக்குத் தண்ணீரைக் கொதிக்கவைத்துவிட்டு, எதற்கென்று மறந்துபோய் நிற்பார். சேட்டுப் பொத்தானில் பாதியில் கை நின்றுவிடும். பிறகு குளிப்பும் நின்றது. திரைச்சீலையைத் திறப்பதும் நின்றது. இந்த நோய் சிலருக்கு ஞாபகத்தையும் மனதையும் சேர்த்துப் பிடிக்கும் என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். றொமேஷ் தலையாட்டிவிட்டு வந்து, தன் பங்குக்குக் காலையில் வாட்ஸப்பில் சூரியன் உதிக்கிற படங்களை அனுப்பத் தொடங்கினான். கீழே, "எழும்பி நடவுங்கோ அண்ணை, எல்லாம் சரிவரும்." கடைசிச் சூரியனை அண்ணை பார்க்கவில்லை. நித்திரையிலேயே இதயம் நின்றிருந்தது.

அன்று பின்னேரம் அண்ணையின் போன் அடித்தது. றொமேஷ் எடுத்து வாய்திறக்க முன்னரே ஒரு பெண்குரல், "சாப்பிட்டாச்சோ?" என்றது.

அவள்தான் ஏஞ்சலா. மன்னார்க்காரி, கிங்ஸ்பரியில் இருக்கிறாள். அண்ணையைக் கிளினிக்கில் சந்தித்தாளாம். அவளுக்கும் அதே நோய். நாள் தவறாமல் பின்னேரத்தில் எடுத்துக் கதைப்பாளாம். போனை வைத்துவிட்டு றொமேஷ் பார்த்தான். வந்த அழைப்புகள் முழுக்க அவளுடைய பெயரே இருந்தது.

"நான் வரலாமோ?" என்று கேட்டிருந்தாள். "வந்தால் என்னை ஆரெண்டு சொல்லுவீங்கள்?"

"அதை என்னட்டை விடுங்கோ." சொல்ல ஒன்றும் அகப்படாத நாள் அவனுக்கு இருந்ததில்லை.

இப்போது அவள் கடைசி வரிசையில், கதவோரமாக, கோட்டைக்கூடக் கழற்றாமல் இருந்தாள்.

செல்வரத்தினத்தார் தொண்டையைச் செருமினார். கோயில் பங்கில் எந்தச் சாவென்றாலும் முன்னுக்கு நின்று நடத்துகிறவர் அவர். "மூடப்போறம். இனி உறவுக்காரர் மட்டும். ஒவ்வொருத்தரா வந்து கொஞ்சிப்போட்டுப் போங்கோ."

பிறேமினி கொஞ்சினாள். றொமேஷ் குனிந்து நெற்றியில் உதட்டை வைத்தான். சில்லென்றிருந்தது. அத்தோடு உறவு முடிந்துவிட்டது.

"வேற ஆரும் சொந்தம்?"

ஏஞ்சலா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் சனம் ஆரென்று கேட்கும். அண்ணை ஒளித்ததோடு அவள் ஒளித்ததும் வெளியே வரும். கூப்பிடாவிட்டால் மூடி விழும்.

"ஒராள் இருக்கிறா," என்றான் றொமேஷ்.

"என்ன முறை?"

மச்சாள் என்று சொல்லலாம். வேலைத்தலத்துச் சிநேகிதி என்று சொல்லலாம். ஒன்றும் வாயில் வரவில்லை. கடைசி வரிசைக்கு நடந்துபோனான்.

"வாறீங்களோ?"

"ஆரெண்டு சொன்னனீங்கள்?"

"இன்னும் ஒண்டும் சொல்லேல்லை."

அவள் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு எழும்பினாள்.

"தம்பி, என்ன முறையெண்டு கேட்டனான்," என்றார் செல்வரத்தினத்தார்.

"அண்ணையோட ஒவ்வொரு நாளும் கதைக்கிறவ, ஐயா."

அவர் மேலே ஏதோ கேட்க வாயெடுத்தார். பிறகு ஒதுங்கி வழிவிட்டார்.

ஏஞ்சலா கொஞ்சவில்லை. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அண்ணையின் காதுப்பக்கமாகக் குனிந்து, அவசரமில்லாமல் சொன்னாள்:

"அடுப்பு நிப்பாட்டியாச்சு. கதவு பூட்டியாச்சு. மருந்தும் போட்டாச்சு. இனி ஒண்டும் செய்யத் தேவையில்லை. படுங்கோ."

பக்கத்தில் நின்ற றொமேஷுக்கு மட்டும் அது கேட்டது. செல்வரத்தினத்தார் மூடியில் கையை வைத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் நிமிர்ந்து, பின்வரிசைக்குப் போகத் திரும்பினாள். முன்வரிசையில் பிறேமினி, பக்கத்துக் கதிரையில் இருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவளுக்கு இடம்விட்டாள்.